வரிச்சீட்டில் "கட்டிய ஆண்டு 1900". இந்தக் கல்வீட்டின் நிஜ வயது என்ன? – அயோவா கவுன்டி, விஸ்கான்சின்

மலைச்சரிவு கேட்டது:

வணக்கம். டாட்ஜ்வில்லுக்கும் மினரல் பாயிண்டுக்கும் நடுவில், 11 ஏக்கரோடு ஒரு பழைய கல்வீட்டுக்கு விலை பேசி ஒப்பந்தம் போட்டாயிற்று. கிரயத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

வீட்டின் அமைப்பு: சரிவைக் குடைந்து கட்டியது. முன்பக்கம் இரண்டு தளம், பின்பக்கம் ஒரு தளம்தான் வெளியே தெரியும். முன்சுவர் மட்டும் சதுரமாகச் செதுக்கிய மஞ்சள் கல், மற்ற மூன்றும் கரட்டுக்கல். சுவர் கனம் 18 முதல் 20 அங்குலம். பின்னால் மரச்சட்டத்தில் ஒரு பகுதி ஒட்டியிருக்கிறது. கீழ்த்தளத்தின் பின்சுவர் முழங்கால் உயரம் வரை ஈரம். மேற்குச் சுவரில் யாரோ சாம்பல் நிற சிமென்டால் பாயிண்டிங் (கல்லிடுக்குகளைச் சாந்தால் அடைப்பது) செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது.

என் கேள்விகள்:
1. வரிச்சீட்டில் 1900 என்று இருக்கிறது. விற்பவர் 1835 என்கிறார். மத்திய அரசின் நிலப் பட்டா 1848 தேதியிட்டது. எதை நம்புவது?
2. சிமென்டை எடுத்துவிட்டு வேறு எதை வைப்பது? ஈரத்துக்கு என்ன வழி?
3. பழைய வீட்டைச் சீரமைத்தால் வரிச்சலுகை உண்டாமே, இதற்குக் கிடைக்குமா?
4. கிரயத்துக்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

---

பத்திரப்பெட்டி எழுதியது:

முதலில் 1900-ஐ மறந்துவிடுங்கள். மதிப்பீட்டாளருக்கு ஆண்டு தெரியாத பழைய வீடுகளுக்கெல்லாம் பொத்தாம்பொதுவாகப் போடும் எண் அது. அண்டை வீடுகளின் சீட்டைப் பாருங்கள், பாதிக்கு மேல் 1900 என்றே இருக்கும்.

1848-ஐ வைத்தும் வீட்டுக்கு வயது சொல்ல முடியாது. மத்திய மேற்கின் பல கவுன்டிகளில் "பட்டாவுக்குப் பிறகுதான் வீடு" என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அயோவா கவுன்டியில் அது செல்லாது, காரணம் ஈயம். 1827 வாக்கில் மிசௌரி, இல்லினாய் பக்கமிருந்து சுரங்கக்காரர்கள் இங்கே குவியத் தொடங்கியபோது இது ஹோ-சங்க் பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களும் சாக், மெஸ்க்வாக்கி மக்களும் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஈயம் எடுத்து வந்தார்கள். 1829இல் பிரெய்ரி டு ஷீன் உடன்படிக்கையில் நிலம் கைமாறியது, அதே ஆண்டில் கவுன்டியும் உருவானது. 1834இல் மினரல் பாயிண்டில் நில விற்பனை அலுவலகம் திறந்தார்கள். ஆனால் ஈயம் உள்ள நிலத்தை மட்டும் விற்காமல் அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. தோண்டுகிறவர் உரிமம் வாங்கி, உருக்கிய ஈயத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நிலங்களை விற்கும் சட்டம் 1846 ஜூலையில்தான் வந்தது, விற்பனை 1847இல் தொடங்கியது.

ஆகவே 1848 பட்டா என்றால் உங்கள் நிலம் ஈய நிலமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதில் பத்து ஆண்டுகளாக யாராவது வீடு கட்டிக் குடியிருந்து, பிறகு அதே இடத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். பட்டாவைவிட வீடு மூத்ததாக இருப்பது இந்த வட்டாரத்தில் அதிசயமில்லை.

அதற்காக விற்பவரின் 1835-ஐ அப்படியே ஏற்கவும் வேண்டாம். 1832இல் சாக் மக்களின் தலைவர் பிளாக் ஹாக்குடன் நடந்த போர் வரை இங்கே எழுந்தவை பெரும்பாலும் கட்டைக் குடில்கள், சரிவில் குடைந்த பொந்துகள். நீங்கள் சொல்லும் அமைப்பு, அதாவது முன்முகம் செதுக்கிய கல், மற்றவை கரட்டுக்கல், முதுகு மலையில் சாய்ந்த வீடு, இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த (கார்னிஷ்) சுரங்கக்காரர்களின் கைவேலை. அவர்கள் வரத் தொடங்கியதே 1830களின் நடுவில். இன்று நிற்கும் கார்னிஷ் கல்வீடுகளில் பெரும்பாலானவை 1840களைச் சேர்ந்தவை. 1849இல் கலிஃபோர்னியாவில் தங்கம் என்றதும் ஊரில் பலர் கிளம்பினார்கள், அதோடு கட்டட வேகமும் தணிந்தது.

இனி தேடும் முறை.

விற்பவரிடம் பழைய அப்ஸ்ட்ராக்ட் கட்டு (நிலம் கைமாறிய வரலாற்றின் தொகுப்பு) இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் ஒப்பந்தத்தில் உள்ள நில விவரத்தை எடுங்கள். "டவுன்ஷிப் 5 வடக்கு, ரேஞ்ச் 3 கிழக்கு, செக்‌ஷன் இத்தனை, வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால்" என்ற மாதிரி இருக்கும். டவுன்ஷிப் என்பது 36 சதுர மைல், ஒவ்வொரு செக்‌ஷனும் 640 ஏக்கர், காலில் கால் என்றால் 40 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி, மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும். இதைச் சரியாகப் பிடிக்காமல் பக்கத்து செக்‌ஷனின் வரலாற்றைத் தன் வீட்டு வரலாறாக எழுதி வைத்தவர்கள் நிறைய. செக்‌ஷன் 16 என்றால் அது பள்ளிக்கூட நிலம். அதை விற்றது மாநிலம் என்பதால் மத்தியப் பதிவில் தேடினால் ஒன்றும் வராது.

டாட்ஜ்வில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆள் பெயரை வைத்துத் தேடும் புத்தகம் ஒன்று, நிலத்தை வைத்துத் தேடும் டிராக்ட் புத்தகம் ஒன்று என இரண்டும் இருக்கும். டிராக்ட் புத்தகத்தில் உங்கள் 40 ஏக்கரை எடுத்து, பட்டாவிலிருந்து முன்னோக்கி வாருங்கள். அரசின் வழக்கமான விலை ஏக்கருக்கு 1.25 டாலர், 40 ஏக்கருக்கு 50 டாலர். 1847இல் 50 டாலருக்கு வாங்கியது சில ஆண்டுகளில் 600க்குக் கைமாறினால் நடுவில் என்னவோ நடந்திருக்கிறது. ஆனால் அது வீடுதான் என்று முடிவு கட்டாதீர்கள், இந்த ஊரில் ஈய நரம்பு கிடைத்தாலும் விலை தாவும். அதே காலத்தில் அடமானப் பத்திரமோ, கொத்தனாரோ தச்சரோ கூலி பாக்கிக்காகப் பதிந்த உரிமைக்கோரிக்கையோ இருந்தால் அது வலுவான சாட்சி.

அடுத்தது வரிப்பட்டியல்கள். இந்த கவுன்டியின் பழைய ஆவணங்களுக்கு யூ.டபிள்யூ. பிளாட்வில் நூலகத்தில் தென்மேற்கு விஸ்கான்சின் அறை இருக்கிறது, மினரல் பாயிண்ட் நூலகத்திலும் தனி ஆவண அறை உண்டு. ஓர் ஆண்டில் உங்கள் நிலத்தின் மதிப்பு மட்டும் தாவி, சுற்றியுள்ள நிலங்கள் அப்படியே இருந்தால் அங்கே கட்டடம் எழுந்திருக்கிறது. எல்லாமே சேர்ந்து ஏறியிருந்தால் அது வெறும் மறுமதிப்பீடு.

1830களின் நில அளவைக் குறிப்புகளையும் விடாதீர்கள். அளவையாளர்கள் செக்‌ஷன் கோட்டில் நடந்தபடியே ஓடை, பாதை, தோண்டிய குழி, வேலி, சில இடங்களில் வீட்டையும் எழுதி வைத்தார்கள். படமும் குறிப்பும் இணையத்திலேயே இருக்கின்றன. பின்னாலுள்ள மரப்பகுதிக்கும் கொட்டகைக்கும் 1937 வாக்கில் எடுத்த வான்படங்கள் உதவும்.

இடைச்செருகலாக ஒன்று: தேடும்போது மாநிலம் விஸ்கான்சின்தானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அயோவா மாநிலத்திலும் ஓர் அயோவா கவுன்டி உண்டு. அமானா ஊர்கள் இருப்பது அங்கே.

---

கல்லும்காரையும் எழுதியது:

பத்திரம் நிலத்துக்குச் சாட்சி, வீட்டுக்குச் சாட்சி சுவருக்குள்ளதான் இருக்கு. ஒரு டார்ச், சின்ன கண்ணாடி, ஆணி பிடுங்குற கொறடு எடுத்துக்கிட்டு இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கே போங்க. விற்கிறவர்கிட்ட சொல்லிட்டு எடுங்க, அவ்வளவுதான்.

ஆணி: உடம்பு சதுரமா, ரெண்டு பக்கம் மட்டும் சரிஞ்சு வந்தா அது மெஷின்ல வெட்டின ஆணி. 19-ஆம் நூற்றாண்டு முழுக்க அதுதான். உருண்டைக் கம்பி ஆணி பரவலானது 1890-ஐ ஒட்டி. ஒரு ஆணியை வச்சு முடிவு பண்ணக்கூடாது. பழைய ஆணியைத் திரும்ப அடிப்பாங்க, ரிப்பேர்ல புது ஆணி நுழையும். பரணில் கைமரம் சேர்ற இடம், மாடிப்படிக்கு அடிப்பக்கம், கதவு நிலைக்குப் பின்னால்னு யாரும் கை வைக்காத மூணு நாலு இடத்துல எடுத்துப் பாருங்க.

ரம்பத் தடம்: பலகையில நேர்கோடா, ஒண்ணுக்கொண்ணு சமமா கோடு விழுந்திருந்தா மேலும் கீழும் போற ரம்பம். வளைவா விழுந்திருந்தா வட்ட ரம்பம், இந்தப் பக்கம் அது 1850-களுக்குப் பிறகு சாதாரணமாச்சு. கோடரியால செதுக்கின உத்திரம் மட்டும் இருந்தா பழசுன்னு துள்ளாதீங்க. கொட்டகைக்கு 1880 வரைக்கும்கூட செதுக்கினாங்க.

திருகாணி: கதவுக் கீல்ல ஒண்ணைக் கழட்டுங்க. நுனி மொட்டையா இருந்தா 1840-களின் நடுவுக்கு முந்தின வகை. கூர்நுனி அதுக்கப்புறம் வந்தது.

மரவகை: உள்ளே ஓக் மட்டும்னா அக்கம்பக்கக் காட்டு மரம். தரை, கதவு, சட்டம் எல்லாம் வெள்ளைப் பைன்னா வடக்கேயிருந்து வந்த சரக்கு. மினரல் பாயிண்டுக்கு ரயில் வந்தது 1857. அதுக்கு முன்னாலயும் ஆத்து வழியா பைன் வந்துச்சு. ஆனா மெலிசான சட்டத்தை வரிசையா நிறுத்திக் கட்டின மரப்பகுதி பெரும்பாலும் ரயிலுக்கு அப்புறம்தான். உங்க பின்பகுதி அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். கல்சுவரும் மரப்பகுதியும் சேர்ற மூலையைப் பாருங்க. வெறும் நேர்கோடா ஒட்டியிருந்து, மரப்பகுதிக்குள்ள நிக்கிற கல்சுவர்ல மழையில கறுத்த முகம் தெரிஞ்சா, அந்தச் சுவர் பல வருஷம் வெளிச்சுவரா நின்னிருக்கு.

துல்லியமா ஆண்டே வேணும்னா மரவளையக் கணக்கு ஒண்ணுதான் வழி. ஓக் உத்திரத்துல பென்சில் கனத்துக்குத் துளை போட்டு மாதிரி எடுப்பாங்க. மரப்பட்டையோட விளிம்பு ஒட்டியிருக்கிற கட்டையா இருக்கணும், அது இல்லைன்னா வெட்டின ஆண்டு கிடைக்காது. குறைஞ்சது 50, 60 வளையமாவது வேணும். எட்டுப் பத்து மாதிரி எடுத்தா ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பார்க்கலாம். ஜன்னலுக்கு மேல கல்லுக்குப் பின்பக்கம் மர லிண்டல் இருந்தா முதல்ல அதைக் காட்டுங்க. தரை உத்திரத்தை எவனாவது மாத்தியிருப்பான், அந்த லிண்டலைச் சுவரைப் பிரிக்காம மாத்த முடியாது.

---

மேடிசன்வாசி எழுதியது:

சிமென்ட் விஷயத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். கடையில் டைப் எஸ் என்ற சிமென்ட் சாந்து மூட்டையாகக் கிடைக்கிறது, பழசைச் சுரண்டிவிட்டு அதைப் பூசிவிட்டு, மேலே சிலிக்கான் வாட்டர்புரூஃபிங் அடித்தால் இருபது வருஷம் கவலையில்லை.

---

கல்லும்காரையும் எழுதியது:

மேடிசன்வாசி சார், கோவிச்சுக்காதீங்க. இப்ப மேற்குச் சுவர் உதிர்றதே அந்த வைத்தியத்தாலதான். இருபது வருஷம் சாந்து நிக்கும், கல்லு நிக்காது.

கல்லும் காரையுமா கட்டின சுவர்ல மழைத்தண்ணி கொஞ்சம் உள்ள போகத்தான் செய்யும். அது வெளியேற வழி சுண்ணாம்புச் சாந்து. சாந்து கல்லைவிட மெதுவா, தண்ணியை எளிதா விடுறதா இருக்கணும். போர்ட்லண்ட் சிமென்ட் அந்த வழியை அடைச்சிடுது. தண்ணி கல்லோட முகத்துக்குப் பின்னால தேங்கும். விஸ்கான்சின் குளிர்ல பகல்ல உருகி ராத்திரி உறையும்போது விரியும், முகம் தெறிக்கும். சிலிக்கான் அடிச்சா நிலைமை இன்னும் மோசம்.

இந்த ஊர் கல்லு ரெண்டு வகை. மஞ்சளா, கெட்டியா இருக்கிறது கலீனா டோலமைட், வாய்ப்பேச்சுல எல்லாரும் சுண்ணாம்புக்கல்னு சொல்லுவாங்க. கையில தேய்ச்சா மணல் உதிர்றது செயின்ட் பீட்டர் மணற்கல். டோலமைட் சிமென்டைக் கொஞ்சநாள் தாங்கும், மணற்கல் தாங்கவே தாங்காது. உதிர்றது எதுன்னு பாருங்க. பல வீட்டுல முன்முகம் ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு கலந்திருக்கும்.

வேலை முறை இதுதான்.

முதல்ல மூணுக்கு மூணு அடியில ஒரு மாதிரிக் கட்டம். சிமென்டை உளியும் சின்னச் சுத்தியும் வச்சுத் தட்டுங்க. ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம். கரட்டுக்கல் சுவர்ல இடுக்கு நேரா இருக்காது, பிளேடு கல்லைக் கீறிடும். சிமென்ட் வரும்போது கல்லும் பிய்ஞ்சு வந்தா அந்த இடத்தை விட்டுடுங்க. கெட்டியா ஒட்டினது சில வருஷத்துல தானே விடும், தளர்ந்ததை மட்டும் இப்ப எடுங்க. "எல்லாத்தையும் எடுத்தே தீரணும்"னு சொல்ற கான்ட்ராக்டர்கிட்ட ஜாக்கிரதை.

ஆழம் இடுக்கு அகலத்தைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு, எப்படியும் ஒரு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அரை அங்குலம் சுரண்டி மேலே பூசினா ரெண்டு குளிர்காலத்துல பட்டையா கழண்டு வரும்.

சாந்து: இயற்கை நீர்ச்சுண்ணாம்பு, என்.எச்.எல். 3.5 ஒரு பங்கு, மணல் ரெண்டரைப் பங்கு, அளவுப்படியால. மணற்கல் பகுதிக்கு என்.எச்.எல். 2. மணல் முனை கூர்மையா, பொடியும் பருமனும் கலந்து இருக்கணும். குழந்தைங்க விளையாடுற மணல் மூட்டை ஒரே பருமன், அது வெடிக்கும். பழைய சாந்துல ஒரு துண்டை வினிகர்ல போடுங்க, சுண்ணாம்பு நுரைச்சுக் கரைஞ்சு மணல் மிஞ்சும். அந்த மணலோட நிறத்துக்குப் புது மணலைத் தேடினா சுவர்ல ஒட்டு தெரியாது. தண்ணி குறைச்சலா, கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், உள்ளங்கையில ஒட்டக்கூடாது.

முதல் நாளே சுவரை நனைச்சு, வேலைக்கு முன்னால மறுபடி தெளிங்க. கல்லு ஈரமா இருக்கணும், மேல தண்ணி மினுங்கக்கூடாது. காஞ்ச கல்லுல வச்சா சாந்துல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும், சாந்து பொடியாகும். கால் அங்குலம் கால் அங்குலமா அடைங்க. ஒரு படை கட்டைவிரல் பதியாத அளவு இறுகின பிறகு அடுத்தது. முக்கால் அங்குலத்தைத் தாண்டின இடுக்குல சில்லுக்கல்லைச் சொருகி அடைக்கணும், வெறும் சாந்துன்னா சுருங்கி வெடிக்கும். கடைசில கெட்டி பிரஷால குத்தி முகத்தைத் திறந்து விடுங்க. கரண்டியால வழவழன்னு இழைச்சா மேல பால் கட்டி மூடிக்கும்.

அப்புறம் ஈரச் சாக்கு, ஒரு வாரம். வெயில் நேரா விழுற சுவர்ல காலையில ஆரம்பிக்காதீங்க, நிழல் வந்த பிறகு வேலை. ராத்திரி வெப்பம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போகக்கூடாது. முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்னால முடிச்சிடணும், இந்தப் பக்கம் ஆகஸ்ட் நடுவே கடைசி எல்லைன்னு வச்சுக்கோங்க.

ஈரம்: பாயிண்டிங்குக்கு முன்னால இதைப் பாருங்க, இல்லைன்னா எல்லாம் வீண். கூரைத் தண்ணிக்குக் காட்டர் (கூரை ஓரத்துல தண்ணியைப் பிடிக்கிற வடிகால்) இருக்கா, அது சுவரை விட்டுக் குறைஞ்சது பத்தடி தள்ளிக் கொட்டுதா, சுவர் ஓரத்துல மண் பத்தடிக்கு ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரியுதா? பின்சுவர் மலையில சாஞ்சு இருக்கிறதால மேட்டுப்பக்கம் ஒரு வடிகால் வேணும்: ஓட்டைக் குழாய், துணி, சல்லி. சுவரை ஒட்டித் தோண்டாதீங்க. இந்த வீடுகளுக்கு அஸ்திவாரம்னு தனியா பெருசா ஒண்ணும் கிடையாது, சுவரே கொஞ்சம் மண்ணுக்குள்ள போகும். சுவர் அடியிலேர்ந்து 45 டிகிரி சாய்வா ஒரு கோடு மனசுல போட்டு, பள்ளம் அந்தக் கோட்டுக்கு வெளியே நிக்கிற மாதிரி மேட்டுப்பக்கம் தள்ளித் தோண்டணும்.

உள்ளே ஸ்டட் (மரச்சட்டம்) நிறுத்தி, கண்ணாடிப்பஞ்சு வச்சு, பிளாஸ்டிக் ஷீட் அடிச்சு டிரைவால் (ஜிப்சம் பலகை) போடுறது இந்த வீடுகளைக் கொல்ற இன்னொரு வழி. உள்சூட்டை மறைச்சா கல்லு இன்னும் குளிரும், ஈரம் மறைவுல தேங்கும், உத்திர நுனி அழுகும். சுவருக்குள்ள நுழையிற ஒவ்வொரு உத்திர நுனியையும் ஊசியால குத்திப் பாருங்க, ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல காட்டினா குறிச்சு வைங்க. சூடு மிச்சம் பண்ண பரணில் ஆர்-49லேர்ந்து ஆர்-60 வரை (சூடு தடுக்கிற அளவு) வெப்பக்காப்பு போட்டு, காத்துக் கசிவை அடைச்சா போதும். சுவரை விட்டுடுங்க.

---

சுரங்கக்கோடு எழுதியது:

நான்காவது கேள்விக்கு. பத்திரப்பெட்டி சொன்னபடி அது ஈய நிலம் என்றால், வீட்டைவிட நிலத்தை முதலில் சோதியுங்கள்.

பனி இல்லாத, புல் குட்டையாக இருக்கும் நாளில் 11 ஏக்கரையும் நடந்து பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம், அதைச் சுற்றி மோதிரம் போல மண்மேடு என்றால் பழைய குழி. இவை ஒரு கோட்டில் வரிசையாக இருந்தால் ஈய நரம்பு அந்தத் திசையில் ஓடியிருக்கிறது. கோட்டை வீட்டுப்பக்கம் நீட்டிப் பாருங்கள். செப்டிக் தொட்டியோ, புது கராஜோ அந்தக் கோட்டில் வரக்கூடாது. கட்டையும் மண்ணும் போட்டு மூடிய ஷாஃப்ட்கள் (செங்குத்துச் சுரங்கக் குழிகள்) மரம் அழுகி நூறு ஆண்டு கழித்தும் வாய் திறக்கும். மாநிலப் புவியியல் அளவைத் துறையிடம் பழைய சுரங்க வரைபடங்கள் இருக்கின்றன. ஆனால் 1830களில் இரண்டு பேர் சேர்ந்து தோண்டிய குழி எந்த வரைபடத்திலும் வராது, அதனால் நடந்து பார்ப்பதற்கு மாற்றில்லை.

மண்ணில் ஈயம்: சுவர் ஓரம், காய்கறிப் பாத்தி போட நினைக்கும் இடம், சுரங்கக் கழிவு போலத் தெரியும் மேடு என்று மூன்று இடத்திலும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரே மாதிரியாக அனுப்பினால் விடை பயன்படாது. சுவர் ஓரத்தில் மட்டும் கூடுதலாக வந்தால் அது பழைய பெயின்ட், மேட்டில் வந்தால் சுரங்கம். 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டிய இடத்தில் பாத்தி வேண்டாம், குழந்தைகளும் விளையாட வேண்டாம். தேவைப்பட்டால் தொட்டி கட்டி வெளிமண் நிரப்பிப் பயிர் செய்யலாம்.

கிணறு: இங்கே மேல்பாறை விரிசல் விழுந்த டோலமைட். மேலே கொட்டுவது வடிகட்டாமல் கீழே இறங்கிவிடும். பாக்டீரியா, நைட்ரேட் இரண்டும் கட்டாயம், கூடவே ஈயமும் ஆர்செனிக்கும் பாருங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 10 மி.கி. எல்லை. பயன்படாத பழைய கிணறு இருந்தால் விஸ்கான்சின் விதிப்படி முறையாக நிரப்பி மூட வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதைக் கிரயத்துக்கு முன்பே பேசுங்கள்.

ரேடான் (நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயு): இந்தப் பகுதி அதிக வாய்ப்புள்ள மண்டலம். கீழ்த்தளத்தில் 48 மணி நேரச் சோதனை, லிட்டருக்கு 4 பிகோகியூரிக்கு மேல் என்றால் உறிஞ்சு குழாய் போட வேண்டும். மண்தரையோ கல்பாவிய தரையோ என்றால் சாதாரண நிறுவல் வேலை செய்யாது, தரையில் சவ்வு விரித்து விளிம்பை ஒட்ட வேண்டியிருக்கும். விலை கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பத்திரங்களில் "கனிம உரிமை நீங்கலாக" என்று எங்காவது விற்றிருக்கிறார்களா என்று டைட்டில் நிறுவனத்தை (நில உரிமையைச் சரிபார்ப்பவர்களை) தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் பொதுவான விதிவிலக்குப் பட்டியலில் அது ஒரு வரியாக ஒளிந்துகொள்ளும்.

---

மலைச்சரிவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது. பரண் கைமரத்தில் வெட்டு ஆணி மட்டும்தான். முதல் மாடித் தரைப்பலகையின் அடியில் நேர்க்கோட்டு ரம்பத் தடம். கீழ்த்தள உத்திரங்கள் செதுக்கிய ஓக், ஆனால் இரண்டு மட்டும் வட்ட ரம்பத் தடத்தோடு இருக்கின்றன. பின் மரப்பகுதியில் முழுக்க வட்ட ரம்பம், வெட்டு ஆணி. ஜன்னல் லிண்டலுக்குப் பின் மரம் இருக்கிறது, விளிம்பில் பட்டை போல ஏதோ தெரிகிறது. மேற்குச் சுவரில் உதிரும் கல்லைத் தேய்த்தால் மணல் வருகிறது. இதை வைத்து என்ன சொல்லலாம்?

---

கல்லும்காரையும் எழுதியது:

கல்பகுதி 1850-களுக்கு முந்தினது என்பதற்கு நல்ல பொருத்தம், 1840-கள்னு பென்சிலால எழுதி வைங்க. ரெண்டு உத்திரம் பின்னால மாத்தினது, அதுக்கு நேர் மேல தண்ணி எங்கிருந்து இறங்குச்சுன்னு தேடுங்க. பின்பகுதி ரயிலுக்குப் பிறகு, கம்பி ஆணிக்கு முன்னால: 1860-லேர்ந்து 1890-க்குள்ள. லிண்டல்ல பட்டை இருந்தா அதிர்ஷ்டம், பெயின்ட் சுரண்டுற யாரையும் அதுகிட்ட விடாதீங்க. மேற்குச் சுவர் மணற்கல்னு ஆயிடுச்சு, அங்க என்.எச்.எல். 2 மட்டும்.

நேரம் கிடைச்சா மினரல் பாயிண்ட்ல பெண்டார்விஸ் போய்ப் பாருங்க. 1935-ல ராபர்ட் நீலும் எட்கர் ஹெல்லமும் இடிபாடா கிடந்த கார்னிஷ் வீடுகளை ஒவ்வொண்ணா வாங்கிச் சீரமைச்ச இடம், இப்ப மாநில வரலாற்றுச் சங்கத்துக்கிட்ட இருக்கு. உங்க வீட்டு அமைப்பு அப்படியே அங்க நிக்கும். கல்லு எப்படி அடுக்கியிருக்கு, இடுக்கு எவ்வளவு அகலம்னு பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கோங்க. கான்ட்ராக்டர்கிட்ட வாயால விளக்குறதைவிட அந்தப் படத்தைக் காட்டுறது சுலபம்.

---

பத்திரப்பெட்டி எழுதியது:

வரிச்சலுகை பற்றி யாரும் சொல்லவில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு விஸ்கான்சின் மாநிலச் சலுகை: ஏற்கப்பட்ட செலவில் 25 சதவீதம் மாநில வருமான வரியில் கழியும். குறைந்தது 10,000 டாலர் செலவு செய்ய வேண்டும், ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 10,000 டாலர் கிடைக்கும். வெளிச்சுவர், கூரை, கட்டமைப்பு, மின்கம்பி, குழாய், சூடேற்றும் கருவி ஆகியவை சேரும். சமையலறை அலமாரி, உள் அலங்காரம், தோட்டம் சேராது. மத்திய அரசின் 20 சதவீதம் வாடகை போல வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டுமே.

சிக்கல் இரண்டு. ஒன்று, வீடு தேசிய அல்லது மாநிலப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது தகுதியானது என்று வரலாற்றுச் சங்கம் முடிவு செய்ய வேண்டும். சங்கத்தின் கட்டடப் பட்டியலில் உங்கள் வீட்டுப் படம் இருக்கலாம், ஆனால் அது வெறும் பட்டியல், தகுதி ஆகாது. மினரல் பாயிண்ட் நகருக்குள் என்றால் 1971லேயே பதிவான வரலாற்று வட்டாரத்துக்குள் வருகிறதா என்று பார்த்தால் போதும். நீங்கள் வெளியே இருப்பதால் தனியாகத் தகுதி கேட்க வேண்டும். அதற்குத்தான் ஆணி, ரம்பத் தடம், பத்திரச் சங்கிலி எல்லாம் உதவும்.

இரண்டு, விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். முதலில் செய்துவிட்டு ரசீதோடு போனால் ஒரு காசும் கிடைக்காது. ஒவ்வொரு சுவருக்கும் நான்கு மூலைகளிலிருந்து படம், உதிரும் இடத்துக்கு அருகில் அளவுகோல் வைத்துப் படம், சாந்தின் கலவை விகிதம் ஆகியவற்றை விண்ணப்பத்தோடு வையுங்கள். "பாயிண்டிங் செய்யப்படும்" என்று மட்டும் எழுதினால் எந்தச் சாந்து, எந்தக் கருவி என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், ஒரு மாதம் போய்விடும். ஆகஸ்ட் நடுவில் வேலை முடிய வேண்டுமென்றால் விண்ணப்பம் குளிர்காலத்திலேயே போக வேண்டும். மாதிரிக் கட்டத்தையும் திட்டத்தின் ஒரு படியாக எழுதுங்கள், ஒப்புதலுக்கு முன்னால் போட்டுவிட வேண்டாம்.

---

மலைச்சரிவு எழுதியது:

காட்டர் சரிசெய்வதும் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டுமா?

---

பத்திரப்பெட்டி எழுதியது:

அந்தச் செலவையும் கணக்கில் காட்டப்போகிறீர்கள் என்றால் ஆம். இல்லையென்றால் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுத் தெரிவித்துவிட்டு, தற்காலிகக் குழாயை மாட்டித் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். அதைச் செலவில் சேர்க்காதீர்கள். அடைந்த காட்டரிலிருந்து இலையை அள்ளுவதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், கிரயமான அன்றே செய்யலாம்.